பதான் அராமும் தமஸ்குவும் ஒரே இடமா? வரைபடத்தில் எங்கே குறிப்பது?

கேள்வி:
வேதபாட வகுப்புக்குச் சுவர் வரைபடம் ஒன்று தயாராகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் யாக்கோபின் மாமனார் லாபானும் சீரியா தேசத்தான், படைத்தலைவன் நாகமானும் சீரியன். லாபான் ஊரைத் தமஸ்குவுக்குப் பக்கத்தில் வைக்கலாமா? இன்னொன்று, உப்புப் பள்ளத்தாக்கில் 18,000 பேர் முறியடிக்கப்பட்டதை 2 சாமுவேல் 8:13 சீரியர் என்கிறது, 1 நாளாகமம் 18:12 ஏதோமியர் என்கிறது. எது சரி?

பதில் 1:
தமஸ்குவுக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள் ஐயா. எபிரெயத்தில் 'அராம்' என்று வருவதைத்தான் அந்த மொழிபெயர்ப்பு பெரும்பாலும் 'சீரியா' என்கிறது. ஆதியாகமம் 24:10 போன்ற இடங்களில் 'அராம் நகராயிம்' மெசொப்பொத்தாமியா ஆகிவிட்டது.

நாகமானின் அராம் தமஸ்கு. லாபானின் ஊர் பதான் அராம் பகுதியிலுள்ள ஆரான். இன்றைய துருக்கியில், உர்ஃபாவுக்குத் தென்கிழக்கே சுமார் 40 கி.மீ., பாலிக் ஆற்றுப் படுகையில். அங்கிருந்து, லாபான் யாக்கோபைத் துரத்திப் பிடித்த கீலேயாத் நேர்கோட்டிலேயே 500 கி.மீ.க்கு மேல். இன்னொரு அராம் அரசான சோபாவை லெபனோன் பள்ளத்தாக்கை ஒட்டித் தனியாகக் குறியுங்கள்.

ஊர்ப்பெயரை எழுதும்போது கவனம் வேண்டும். ஆபிரகாமின் தகப்பன் தேராகின் இன்னொரு மகன் பெயரும் தமிழில் 'ஆரான்'தான். எபிரெயத்தில் இரண்டுக்கும் முதலெழுத்தே வேறு. சுற்றுவட்டாரத்தையும் பாருங்கள்: அசீரியப் பத்திரங்களில் சருகி, தில் நாகிரி, தில் ஷ துராகி என்ற ஊர்கள் அந்தப் பகுதியில் வருகின்றன. ஆபிரகாமின் முன்னோரான செரூகு, நாகோர், தேராகு என்ற பெயர்கள் அப்படியே ஒலிக்கின்றன, இல்லையா?

பதில் 2:
18,000 பேர் விஷயத்தில் ஏதோமியரே பொருந்தும். உப்புப் பள்ளத்தாக்கைச் சவக்கடலுக்குத் தெற்கே வைப்பதுதான் வழக்கம். அது ஏதோம் பக்கம். எபிரெயத்தில் உயிரெழுத்துக் குறி இல்லாமல் எழுதினால் அராம், ஏதோம் இரண்டும் மூன்றே எழுத்து. நடு எழுத்து மட்டும் அராமில் ரேஷ் (ர), ஏதோமில் தாலேத் (த). தாலேத்தின் வலது மேல்மூலை சற்று வெளியே நீளும், ரேஷின் மூலை வளையும். மை கொஞ்சம் அழிந்தால் போதும், படியெடுப்பவர் மாற்றி எழுதிவிடுவார். 2 இராஜாக்கள் 16:6இல் செங்கடல் துறைமுகமான ஏலாத் பற்றிய வசனத்திலும் இதே சிக்கல்தான்.

பதில் 3:
தொல்லியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய தமஸ்கு இன்றும் மக்கள் வாழும் நகரத்துக்கு அடியில் கிடப்பதால் பெரிய அகழாய்வுக்கு வழியில்லை. அதன் அரசர்களைப் பற்றி வெளியூர்க் கற்கள்தான் பேசுகின்றன. 1993இல் வட இஸ்ரவேலின் தாண் மேட்டில் கிடைத்த, அராம் மக்களின் மொழியான அரமேயத்தில் உள்ள கல்வெட்டு அதில் முக்கியமானது.

வடகிழக்குச் சிரியாவில் காபூர் ஆற்றின் தலைப்பகுதியில், தெல் ஃபெகெரியேயில், 1979இல் ஹதத் இஸி என்ற உள்ளூர் ஆட்சியாளரின் கருங்கல் சிலை கிடைத்தது. சிலையின் பாவாடையில் ஒரே செய்தி அசீரியரின் மொழியான அக்காதியத்திலும் அரமேயத்திலும் வெட்டப்பட்டிருக்கிறது. அக்காதியத்தில் அவர் ஆளுநர், அரமேயத்தில் அரசர்! எந்த வாசகர் எதைப் படிப்பார் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிலையைக் குறிக்க அரமேயத்தில் வரும் இரண்டு சொற்களும் ஆதியாகமம் 1:26இன் 'சாயல்', 'ரூபம்' என்பவற்றுக்கான எபிரெயச் சொற்களின் இனச்சொற்கள்.

வரைபடத்தில் காலத்தையும் எழுதுங்கள். அரமேயர் (அராம் மக்கள்) என்ற பெயர் முதலில் ஐயமின்றி வருவது அசீரிய அரசர் முதலாம் திக்லத்பிலேசரின் (கி.மு. 1114–1076) கல்வெட்டுகளில்தான், அவர்களைத் துரத்தி யூப்ரத்தீசை 28 முறை கடந்ததாகச் சொல்கிறார். யாக்கோபின் காலத்தை அதற்கு முன்னால் வைப்பவர்கள், 'பதான் அராம்' என்பதைப் பிற்காலத்தார் இட்ட பெயராக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.