புதுப்பிப்பு: நீல் ரோடு பாபா ஹவுஸ் போய் வந்தோம்

சிங்கப்பூரில் நீல் ரோடு 157-இல் உள்ள பாபா ஹவுஸ் என்ற பழைய வீட்டு அருங்காட்சியகத்துக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். முன்பதிவு செய்துகொண்டு கட்டாயம் போங்கள்.

1890களில் கட்டிய பெரனாக்கான் (மலாய் வட்டாரத்தில் குடியேறி உள்ளூர்ப் பழக்கங்களோடு கலந்த சீனர்களின் வழிவந்தவர்கள்) வீடு. கப்பல் வணிகர் வீ பின் குடும்பத்துச் சொத்தாக இருந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் சீரமைத்து 2008-இல் திறந்தது. கீழ்த்தளமும் முதல் மாடியும் 1920களின் வாழ்க்கையைக் காட்டும்படி அமைந்திருக்கின்றன.

நடுவில் வானம் பார்த்த முற்றம்! காரைக்குடிப் பக்கம் வளர்ந்த அம்மா அங்கேயே நின்றுவிட்டார். மாடிப் படுக்கையறைத் தரையில் ஒரு சின்னத் துளை. கீழே யார் வந்திருக்கிறார்கள் என்று வீட்டுப் பெண்கள் அதன் வழியாகப் பார்ப்பார்களாம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்புறம், படியேற வேண்டும்; முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அவுட்ராம் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.