மட்டக்குளி பக்கம் 304 ஸ்டெயின்லெஸ் சுடுதண்ணீர் லைன் கசிகிறது, 316எல் போட்டால் சரிவருமா?

மட்டக்குளி மெயின்டனன்ஸ்:
வணக்கம். கடலுக்குக் கிட்ட இருக்கிற ஒரு உணவுத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். 80 பாகை சுடுதண்ணீர் போகிற 2 அங்குல லைன், 304 ஸ்டெயின்லெஸ், ஸ்கெஜுல் 10 (சுவர்த் தடிப்பு வகை), கூரைக்கு மேலால் ஓடுகிறது, மேலே சூடு போகாமல் சுற்றிய ராக்வூல் லாகிங், அதற்கு மேல் அலுமினியத் தகடு. சப்போர்ட் வருகிற இடங்களில் லாகிங் நனைந்து தண்ணீர் சொட்டுகிறது. வெல்டர் வந்து அடைத்தால் கொஞ்ச நாளில் பக்கத்திலேயே இன்னொரு கசிவு. அல்ட்ராசோனிக் கேஜ் வைத்துப் பார்த்தோம், தடிப்பு 2.7 மில்லிமீட்டர், புதுப் பைப் மாதிரியே இருக்கிறது, அதுதான் குழப்பம். முழு லைனையும் 316எல் ரக ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றக் கொட்டேஷன் வந்திருக்கிறது, முதலாளி விலையைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கிறார். என்ன சொல்வது?

ஆர்கன்:
316எல் போடுங்கள், பேச்சே இல்லை. அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருக்கிறது, உப்புக்கு அதுதான் நிற்கும். கடற்கரையில் 304 போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

பழைய பொயிலர்காரன்:
தம்பி, காசு செலவழிக்க முதல் லாகிங்கைக் கழற்றிப் பாருங்கள். நீங்கள் சொல்கிறதைப் பார்த்தால் இது அரிப்பு இல்லை, வெடிப்பு. குளோரைடும் சூடும் இழுவிசையும் ஒன்றாகச் சேர்ந்தால் 304 இப்படித்தான் உடையும், உலோகம் கரைந்து போகாது, மரக்கிளை மாதிரி மெல்லிய வெடிப்பாகப் பிரிந்து உள்ளே போகும், அதனால்தான் உங்கள் கேஜ் நல்ல தடிப்புக் காட்டுகிறது. தடிப்பு அளக்கிற கருவியிடம் வெடிப்பைக் கேட்டால் அது என்ன செய்யும்? பெனட்ரன்ட், அதாவது வெடிப்புக்குள் ஊறுகிற மை, அடியுங்கள்: துடைத்து, சிவப்பு மையைப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, மேலே இருக்கிற மையைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை அடித்தால் நூல் நூலாகச் சிவப்பு எழும்பும்.

வெளிப்பக்கம் எழும்பினால் காரணம் லாகிங்தான். தென்மேற்குப் பருவக் காற்று மாதக்கணக்கில் கடல் உப்பைக் கொண்டுவந்து கூரையில் கொட்டுகிறது, மழை அதைக் கழுவித் தகட்டு மூட்டுகளால் உள்ளே விடுகிறது, சூட்டில் தண்ணீர் ஆவியாக உப்பு மட்டும் பைப்பில் தங்குகிறது. சப்போர்ட்டில் மூட்டு சரியாக மூடாது, அதுதான் கசிவு அங்கே. 60 பாகையிலிருந்து 175 பாகை வரை லாகிங்குக்குள் இருக்கிற 300 ரக ஸ்டெயின்லெஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு, உங்கள் 80 அதற்குள் வருகிறது. 316எல் குழி விழுவதை நன்றாகத் தாங்கும், ஆனால் இந்த வெடிப்பில் 304ஐ விடக் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். அதே ஈர லாகிங்கைத் திரும்பச் சுற்றினால் சில வருடம் கழித்து இதே கேள்வியோடு வருவீர்கள்.

உள்பக்கமிருந்து தொடங்கியிருந்தால் கதை வேறு, தண்ணீரைப் பாருங்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீரா? கிருமி நீக்கத்துக்கு ஹைப்போகுளோரைட் ஊற்றுகிறார்களா?

வெடித்த இடத்தின் மேல் வெல்ட் வைப்பதை நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் பக்கத்தில் இருக்கிற வெடிப்பும் திறக்கும். பெனட்ரன்டில் சுத்தமாக வருகிற இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டு போடுங்கள்.

பழைய சோனகத் தெரு:
316எல் என்று முடிவெடுத்தால் ஒரு விஷயம். எங்கள் தெருவில் 304உம் 316உம் கண்ணுக்கு ஒன்றுதான், காந்தம் வைத்தும் பிரிக்க முடியாது. பைப்பில் அச்சடித்த ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்தது என்கிற எண்) தொழிற்சாலை கொடுக்கிற மில் சான்றிதழில் இருக்கிறதா என்று ஒவ்வொரு நீளத்துக்கும் பாருங்கள், எல்போவையும் விடாதீர்கள், கலப்படம் நடப்பது பெரும்பாலும் அங்கேதான். கையில் பிடிக்கிற எக்ஸ்-ரே கருவி வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டால் மொலிப்டினம் இருக்கிறதா என்று உடனே காட்டும். ஆனால் அந்தக் கருவி கார்பனை அளக்காது, அதனால் ‘எல்’ என்பதற்கு, அதாவது கார்பன் குறைவு என்பதற்கு, சான்றிதழ்தான் சாட்சி.

மட்டக்குளி மெயின்டனன்ஸ்:
இரண்டு சப்போர்ட்டில் கழற்றினோம். ராக்வூல் பிழிந்தால் தண்ணீர், பைப்பில் வெள்ளைப் படிவு, மை முழுக்க வெளிப்பக்கம் எழும்பியது. அப்போ 304லேயே திரும்பப் போடலாமா? பக்கத்தில் 7 பார் நீராவி லைனும் ஓடுகிறது, கார்பன் ஸ்டீல், அதையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கச் சொல்கிறார்கள்.

பழைய பொயிலர்காரன்:
போடலாம், பைப்பை மூடினால். எபொக்சி பீனாலிக் பெயின்ட் அடியுங்கள், அல்லது லாகிங்குக்கு அடியில் அலுமினியத் தாள் சுற்றுங்கள், அது தன்னை அரித்துக்கொண்டு பைப்பைக் காப்பாற்றும். துத்தநாகம் கலந்த பெயின்ட் மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸில் வேண்டாம். தகட்டு மூட்டு தண்ணீர் வடிகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும், சப்போர்ட்டில் சீலன்ட் வையுங்கள், கூரைக்கு மேலே ஏறி மிதிக்கிறவர்களைத் தடுங்கள். பைப்பை மறந்து இருக்கவே விருப்பமென்றால் இந்த வெடிப்பை நன்றாகத் தாங்குகிற டூப்ளெக்ஸ் 2205 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், ஆனால் அதை வெல்ட் பண்ணத் தெரிந்த ஆளும் வேண்டும்.

நீராவிக்கு ஸ்டெயின்லெஸ் ஏன்? ஏ106 கிரேட் பி கார்பன் ஸ்டீல் பைப், ஸ்கெஜுல் 40 போதும். அதற்கும் லாகிங் நனைந்தால் வெளியே கறள் பிடிக்கும், 7 பாரில் 170 பாகைதானே. காசு இருந்தால் கண்டென்சேட் (நீராவி குளிர்ந்த தண்ணீர்) திரும்புகிற லைனுக்கு இன்னும் தடித்த ஸ்கெஜுல் 80 போடுங்கள், கார்போனிக் அமிலம் தின்பது அங்கேதான், நூல் வெட்டிய இடத்தில் முதலில்.

புது ஸ்டெயின்லெஸ் லைனைத் தண்ணீர் விட்டு அழுத்தச் சோதனை செய்யும்போது குளோரைட் 50 பிபிஎம்முக்குக் குறைந்த தண்ணீர் எடுங்கள், முடிந்த அன்றே வடித்துக் காற்றடித்துக் காய விடுங்கள். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி ஒரு மாதம் விட்டுவிட்டு, பைப் புதுசு, ஏன் குழி விழுந்தது என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர்.