சீட் பெல்ட்டில் காய்ந்த சேறு

குழு: நம்ம வீடு, மதுரை

ராணி சித்தி: சரவணா, இன்று டயாலிசிஸுக்கு அண்ணனை ஆட்டோவில் கூட்டிப் போனாயாமே. வண்டி என்ன ஆயிற்று?

சரவணன்: வண்டி பிரபு ஷெட்டில் நிற்கிறது சித்தி. அப்பா இந்தக் குழுவில் இல்லை, அதனால் இங்கே சொல்கிறேன். பழைய கார் கடையில் நம்மை ஏமாற்றிவிட்டார்கள்.

ராணி சித்தி: என்னப்பா சொல்கிறாய்? வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லையே!

சரவணன்: போன வாரம் திருமங்கலத்திலிருந்து திரும்பும்போது நல்ல மழை. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டதும் ஊறின சாக்கு நாற்றம். கடையில் மல்லிகை வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது தீர்ந்த பிறகுதான் நாற்றமே வெளியே வந்தது. கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங் திடீரென்று கல் மாதிரி கனத்துவிட்டது. நான்கு வழிச்சாலை, பின்னால் லாரி. அப்பா பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஓரம் கட்டினேன். கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று.

பெரியப்பா: முருகா. இவ்வளவு நடந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையேடா.

சரவணன்: சொல்ல மனசு வரவில்லை பெரியப்பா. அம்மா சங்கிலியை அடகு வைத்த பணம் அதில் இருக்கிறது.

கவிதா: பிரபு அண்ணா, வண்டியில் என்ன கோளாறு?

பிரபு: வெள்ளத்தில் மூழ்கின வண்டி கவிதா. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். தினமும் வெளியே வரும் பகுதி புதிது போலச் சுத்தமாக இருக்கிறது. உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு முழத்தில் சாம்பல் நிறச் சேறு, கோடு போட்ட மாதிரி. சீட் கவர் புதிது, மேல் மேட் புதிது. ஆனால் சீட்டுக்குக் கீழே இருக்கிற ரெயில் துரு ஏறிக் கிடக்கிறது. ஒயர் சேரும் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறது. ஸ்டியரிங் மோட்டாருக்குக் கரண்ட் விட்டுவிட்டுப் போவதற்கு அதுதான் காரணம்.

பிரபு: இன்னொன்று. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். இதில் எரியவே இல்லை. கோளாறு தெரியக் கூடாதென்று விளக்கையே துண்டித்து வைத்திருக்கிறார்கள். இடித்திருந்தால் பை விரிந்திருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ராணி சித்தி: படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. குழந்தைகளை எல்லாம் அதில்தானே அழகர்கோவிலுக்குக் கூட்டிப் போனோம்.

பெரியப்பா: வாங்கும் அன்று நானும் கூட இருந்தேன். 2020 மாடல் வேகன் ஆர், ஒரே ஓனர், 38,000 கிலோமீட்டர் என்று கடைக்காரர் சொன்னார். அடிபட்டதா, தண்ணீரில் நின்றதா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "உங்கள் பையன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா, ஒரு குறையும் கிடையாது" என்றார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்ததே அந்த ஆள்தான். அந்தக் கையால் எப்படி வைத்தாரோ.

சரவணன்: ஆர்சியில் இருப்பது சென்னைக்காரர் பெயர், டிஎன் 14, சோழிங்கநல்லூர். பழைய சர்வீஸ் புத்தகத்தில் அவர் நம்பர் இருந்தது. நேற்று கூப்பிட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் இரண்டு நாள் தண்ணீருக்குள் நின்றதாம். இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று முடித்துப் பணம் கொடுத்துவிட்டதாம். வண்டி இன்னும் ஓடுகிறது என்பதே அவருக்கு அதிர்ச்சி.

பிரபு: ரிப்பேர் செலவு பாலிசியில் போட்ட மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் போனால் அப்படித்தான் முடிப்பார்கள். அப்புறம் அது ஏலத்தில் போகும். எடுப்பவர் கழுவித் துடைத்து வெளியூரில் விற்றுவிடுவார். மதுரையில் யாருக்குச் சென்னை வெள்ளம் ஞாபகம் வரும்?

சரவணன்: கடைக்குப் போய்க் கேட்டேன். "பழைய வண்டிக்கு கேரண்டி இல்லை என்று பில்லிலேயே போட்டிருக்கிறது" என்று எழுந்துகூட நிற்காமல் சொல்லி அனுப்பிவிட்டார். 4,10,000 ரூபாய் வாங்கிய அன்று டீ வரவழைத்துக் கொடுத்தவர் இவர்தான்.

கவிதா: அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம் அண்ணா. கேரண்டி இல்லை என்று எழுதிவிட்டால், தெரிந்தே பொய் சொல்லி விற்கலாம் என்று அர்த்தம் இல்லை. முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவோம். பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதற்கிடையே நுகர்வோர் உதவி எண் 1915க்கும் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்துவிடு.

கவிதா: பெயர் மாற்றம் நடந்ததா?

சரவணன்: இல்லை. முதல் ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களை மட்டும் கொடுத்தார்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

கவிதா: அப்படியே வை, ஆர்டிஓ ஆபீசில் இப்போது கொடுக்காதே. வக்கீல் பார்க்கட்டும். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேண்டும். ஓனர் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் ஆர்டிஓவுக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். இந்தக் கடையிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேட்போம். பில், பணம் அனுப்பிய விவரம், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம் எல்லாம் எனக்கு அனுப்பு.

பெரியப்பா: நான் சாட்சி சொல்கிறேன். எத்தனை வாய்தா போட்டாலும் வருவேன். நான் பார்த்துச் சரி என்று சொன்னதால்தானே அவன் பணத்தைக் கட்டினான்.

சரவணன்: நீங்கள் அப்படி நினைக்காதீர்கள் பெரியப்பா.

ராணி சித்தி: சங்கிலி வட்டியை இந்த மாதம் நான் கட்டிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஆட்டோ வேண்டாம், சித்தப்பா காலை 6 மணிக்கு வண்டியோடு வாசலில் நிற்பார். அண்ணனிடம் சர்வீஸுக்கு விட்டிருக்கிறது என்று மட்டும் சொல்.

சரவணன்: சரி சித்தி.

பிரபு: ஷெட்டுக்கு யார் வந்தாலும் அந்த பெல்ட்டை இழுத்துப் பார்க்காதீர்கள். காய்ந்த சேறு உதிர்கிறது. போட்டோ, வீடியோ எடுத்துவிட்டேன். ஆணையத்திலிருந்து யாராவது நேரில் வந்து பார்க்கும் வரை அது அப்படியே இருக்க வேண்டும். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது.