ஸ்பானியர் காலத்து வீட்டைப் பார்த்தேன். நம் பக்கம் கொல்லைவரை காட்டும் வீடு எது?

கோட்டையூர்ப் பேரன்:

மணிலாவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் தை மாதம் குடும்பத்தோடு காரைக்குடிக்கு வருகிறார். அவருக்கு ஒரு செட்டிநாட்டு வீட்டை வாசலிலிருந்து கொல்லைவரை காட்ட வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்தான் என்னை விகானுக்கு அழைத்துப் போனார். லூசான் தீவின் வடமேற்கில், மணிலாவிலிருந்து ஓர் இரவு பஸ் பயணம். ஸ்பானியர் ஆட்சியில் எழுந்த ஊர். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே அருங்காட்சியகமாகியிருக்கும் வீடுகளில் சிக்கியா மாளிகையும் ஒன்று. 1948 முதல் 1953 வரை பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த எல்பிடியோ கிரினோவுடைய மனைவியின் குடும்பத்து வீடு அது. அவ்வூரின் பழைய வீடுகளைக் கட்டியவர்களில் பலர் சீன வம்சாவளி வணிகர்கள். கடல் கடந்து வணிகம் செய்த காசில் வீடு கட்டிய செட்டிநாட்டு நகரத்தாராகிய நமக்கு அந்த வீடுகள் உடனே புரிந்துவிடுகின்றன.

கீழ்த்தளம் கல்லும் செங்கல்லும். வண்டி நிறுத்தவும் சரக்கு அடுக்கவும். குடியிருப்பு மேல்தளத்தில். ஜன்னலில் கண்ணாடி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரங்களாக வெட்டிய சிப்பி ஓடுகளை மரச் சட்டத்தில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். வெயில் அதன் வழியாகப் பால் நிறத்தில் உள்ளே வருகிறது. அந்தச் சட்டத்தை விரலால் தள்ளினால் காடியில் ஓடுகிறது. ஜன்னலுக்குக் கீழே, தரையோடு ஒட்டி, கம்பி வைத்த சின்னத் திறப்பு ஒன்று உண்டு. இரவில் பெரிய ஜன்னலைச் சாத்திவிட்டு அதை மட்டும் திறந்து வைத்தால் காற்று வருமாம். மரத்தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்து மெருகேற்றுவார்கள் என்று நண்பரின் தாயார் சொன்னார். எங்கள் அப்பத்தா ஆத்தங்குடித் தரைக்கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தது நினைவுக்கு வந்தது.

என்னை உலுக்கியது அதன் பிறகு பார்த்ததுதான். பின்பக்கம் சமையற்கட்டு, மண் அடுப்பு, மழைநீரைச் சேர்க்கும் தொட்டி, ஈரக்காற்றுக்குத் திறந்த மாடம் என்று எல்லாவற்றையும் காட்டினார்கள். யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் நடந்து பார்த்தாலே தெரிகிறது.

நம் பக்கம் நான் பார்த்த வீடுகளில் முகப்பைக் காட்டுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள் என்று சொல்லிக்கொண்டே வந்து வளவு (உள் முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) வாசலில் கயிறு கட்டி நிறுத்திவிடுகிறார்கள். ஒரு குடும்பம் வாழ்ந்த இடமே அந்தக் கயிற்றுக்குப் பின்னால்தானே இருக்கிறது? கயிறு இல்லாத வீடு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, நியாயமான கேள்வி. முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதே வழக்கம். உள்ளே விடுவார்கள் என்று நம்பி நண்பரை அழைத்துப் போகாதீர்கள். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடும் தனியாருடையது. ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு பெரிய வீடு ஒன்றைக் காட்டுகிறார்கள். அதன் கூரை வேலைப்பாட்டுக்காகவே போகலாம். சமையற்கட்டு இருக்கும் பின்கட்டுவரை நடக்க வேண்டுமென்றால் விடுதியாக மாறிய வீட்டில் ஓர் இரவு தங்குங்கள். கோத்தமங்கலம் சாரதா விலாஸ், கடியாபட்டி சிதம்பர விலாஸ், கானாடுகாத்தான் விசாலம் எல்லாம் அப்படி மாறியவை. சாரதா விலாஸைப் புதுப்பித்தவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். நம் ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியதில் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது. சென்னை வழியாக வந்தால் முட்டுக்காட்டில் தட்சிணசித்திரா அருங்காட்சியகத்தில் பெயர்த்து வந்து நிறுத்திய செட்டிநாட்டு வீட்டையும் பார்க்கலாம்.

நண்பரிடம் ஒன்றை மறக்காமல் விளக்குங்கள். நம் வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் விருந்தாளிக்குக் கட்டியவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரு தம்பதி ஒரு புள்ளி. பொங்கலுக்கு எங்கள் வீட்டில் புள்ளிக்கு ஒரு பானை வைப்போம். வளவு முழுவதும் புகையாக இருக்கும், சங்கு ஊதும் சத்தத்தில் பேசுவது காதில் விழாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் தூணை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர், பணக்காரர்கள் ஆடம்பரத்துக்குக் கட்டியது என்றுதான் ஊரில் போய்ச் சொல்வார். எனக்கு அது பொறுக்காது. முற்றத்து நான்கு மூலையிலும் மழைநீர் விழும் இடத்தையும் காட்டுங்கள். அண்டா வைத்துப் பிடித்த தண்ணீரில்தான் பருப்பு வேகும் என்பாள் எங்கள் ஆத்தா.

மரவேலை, காரைக்குடி:

கயிறு கட்டுவதற்குக் காரணம் கர்வம் இல்லை ஐயா. பெரும்பாலான வீடுகளில் பின்கட்டு நிற்கவில்லை. முன்பக்கம் பர்மாத் தேக்கும் மெத்தை மாடியும். சமையற்கட்டுப் பக்கம் நாட்டு ஓடும் அதைத் தாங்கும் பனங்கையும் (பனைமரச் சட்டம்). தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, பனங்கையில் வைரம் பாயாத மென்மையான பகுதியைத் தின்றுவிடும். முன்பெல்லாம் மழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்து, உடைந்ததை மாற்றி, மறுபடி அடுக்குவார்கள். வீடு பூட்டிக் கிடந்தால் யார் செய்வது? ஓர் ஓடு நகர்ந்தால் தண்ணீர் கைமரத்தில் இறங்கும். அடுத்த மழையில் சுவர் ஊறும். சுண்ணாம்புப் பூச்சு உரிந்த பிறகு சிமெண்டை அப்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரே உப்புகிறது.

பாகம் பிரிவதில் ஒரு பங்காளி மட்டும் செலவு செய்ய முன்வந்தாலும் மற்றவர் கையெழுத்துப் போடுவதில்லை. கடைசியில் கதவும் தூணும் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகின்றன. அங்கே நிலைக்கதவு வாங்க வருகிறவர்கள் அது எந்த வீட்டுக் கதவு என்று கேட்பதில்லை. நான் சில கதவுகளின் பின்பக்கம் சாக்கட்டியால் ஊர்ப் பெயரை எழுதி வைக்கிறேன்.

கோட்டையூர்ப் பேரன்:

ஆச்சி, கோத்தமங்கலத்தில் தங்குகிறோம். பொங்கலுக்கு எங்கள் வீட்டையே திறக்க அப்பச்சி ஒப்புக்கொண்டார். பானை வைக்கும்போது நண்பரும் வளவில் இருப்பார்.

மரவேலை அண்ணன், எங்கள் பின்கட்டில் இரண்டு அறைகளுக்கு மேல் வானம் தெரிகிறது, அடுப்பு மேடை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கூரையை ஓட்டிலேயே போட வேண்டும், தகரம் வேண்டாம். பங்காளிகள் எல்லோரும் பொங்கலன்று ஒரே இடத்தில் இருப்பார்கள். கைமரம் எத்தனை, ஓடு எத்தனை என்று அன்று காலையே நீங்கள் வந்து அளந்து ஒரு மதிப்பீடு கொடுத்தால், சாப்பாட்டுக்கு முன்பே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவேன்.