இரை உருண்டை போட்டு இறால் வீச்சு: கண்ணைவிட்டு அகலாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஓடைக்கரை

கம்பு ஊன்றி, அதன் அருகே மீன்தூளும் களிமண்ணும் பிசைந்த உருண்டைகளைப் போட்டு, அங்கே கூடும் இறாலை வீச்சுவலையால் பிடிப்பதுதான் இந்த முறை. தென் கரோலினா, இறால் சீசன் திறந்த வெள்ளிக்கிழமை. புல்ஸ் வளைகுடாவுக்குப் போகிற ஓடை ஒன்றில் பதினாறடி அலுமினியப் படகு, இரண்டு பேர், பத்துக் கம்பு. நண்பகல் 12 மணிக்கு முன்னால் ஒரு கம்புகூட ஊன்றவில்லை. எல்லாக் கம்பிலும் எண் சீட்டு, ஒளிரும் பட்டை. முதல் கம்புக்கும் கடைசிக் கம்புக்கும் இடையே 100 கெஜத்துக்குள். பக்கத்து வரிசையிலிருந்து 25 கெஜம் தள்ளி. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. வலையும் தட்டுப் போல விரிந்துதான் விழுந்தது. ஆனால் இருட்டும்வரை வீசியும் வீச்சுக்கு மூன்று இறால், நான்கு இறால். அடுத்த வரிசைக்காரர்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வற்றம் அடிமட்டத்துக்கு வந்தபோது காரணம் தெரிந்தது. கரையோரக் கம்புகள் நின்ற இடத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். டார்ச் அடித்தால், கம்புக்கு எட்டடியில் இருக்க வேண்டிய உருண்டைகள் இருபதடி தள்ளி ஒரு பள்ளத்தில் கும்பலாகக் கிடந்தன. அந்தப் பள்ளம் முழுக்க இறாலின் கண்கள் செம்மஞ்சளாக மின்னின. அவ்வளவு நேரமும் வலை விழுந்தது வெறும் சேற்றின் மேல்.

உருண்டை சரிவில் உருளும். உருட்டிய பிறகு உள்ளங்கையில் வைத்துத் தட்டி, தடிமனான வடையாக்கிப் போடுங்கள்.

நீவாடு

வடையாகத் தட்டுவது சரி. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று தோன்றவில்லை. சரியான பதத்தில் இருக்கும் உருண்டை சேற்றில் பாதி புதைந்து நிற்கும், இருபதடி ஓடாது. அங்கே களிமண் கூடிப்போய்க் கல்லாகியிருக்க வேண்டும்.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். மென்ஹேடன் மீன்தூள் 50 பவுண்டு மூட்டையாகக் கிடைக்கும். ஓர் இரவுக்கு அரை மூட்டை, அதாவது 25 பவுண்டு போதும். அதற்குக் களிமண் தூள் சம அளவிலிருந்து இரண்டு மடங்குவரை. ஓட்டம் மெதுவான ஓடைக்குச் சமம், ஓட்டம் இழுக்கிற இடத்துக்கு இரண்டு மடங்கு. இரண்டையும் முதலில் காய்ந்தபடியே கலக்க வேண்டும். தண்ணீர் விட்ட பிறகு மீன்தூளைச் சேர்த்தால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும், அந்த உருண்டை பாதியில் பிளந்துவிடும். பிறகு ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். சாத்துக்குடி அளவு.

சோதனை எளிது. ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ஒன்றைப் போட்டு வையுங்கள். கால் மணி நேரத்தில் கரைந்தால் களிமண் போதவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் வழுவழுவென்று அப்படியே இருந்தால் களிமண் கூடிவிட்டது. பெண்டனைட் களியில் இது அடிக்கடி நடக்கும். அது தண்ணீரைக் குடித்து உப்பி, மேலே தோல் மாதிரி மூடிக்கொள்ளும். மீன்வாடை வெளியே வராவிட்டால் இறாலுக்கு அது வெறும் மண்ணாங்கட்டி. ஓரம் ஓரமாக உதிர்ந்துகொண்டே, நடு மட்டும் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டும்.

முதல் சுற்றில் கம்புக்கு இரண்டு. பத்துக் கம்புக்கும் போட்டுவிட்டு 20 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்த 20 நிமிடத்தைப் பொறுக்க முடியாமல் ஐந்தாவது நிமிடமே வீசுகிறவர்கள் வந்த இறாலையும் கலைத்து விரட்டுகிறார்கள். பிறகு ஒரு கம்பில் இரண்டு மூன்று வீச்சு முடிந்ததும் ஒன்று போட்டால் போதும்.

மிஞ்சிய மாவை வாளியில் மூடி வைத்து மறுநாளுக்கு என்று நினைக்காதீர்கள். புளித்துப் பொங்கும். தேவைக்கு மட்டும் பிசையுங்கள்.

வலைமடி

பகலில், தெளிந்த தண்ணீரில், பன்னிரண்டடி ஆழத்தில் பார்த்தது. ஆறடி வலை. மேற்பரப்பில் விழும்போது முழு வட்டம். இறங்க இறங்க ஓரத்து ஈயமணிகள் உள்ளே சாய்ந்தன, வட்டம் குடையைப் பாதி மடக்கியது போலச் சுருங்கியது. தரையைத் தொட்டபோது அதன் குறுக்களவு நான்கடிகூட இருக்காது. வீசியவருக்கு அது தெரியவே இல்லை. மேலே விழுந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு அருமையான வீச்சு என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குத்தான் வலையில் டேப் ஒட்டுவது. ஈயவரிசைக்கு ஓரிரு அடி மேலே, உள்ளேயும் வெளியேயுமாக அகலமான டக்ட் டேப்பைச் சுற்றிலும் ஒட்ட வேண்டும். அந்தப் பட்டை வழியாகத் தண்ணீர் புகாது. வலை இறங்கும்போது தண்ணீர் அந்த இடத்தை வெளிப்பக்கம் தள்ளும், வலை விரிந்தபடியே போகும். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ஆழக்குழியில் வீசுகிறவர்கள் டேப் இல்லாத வலையைத் தொடவே மாட்டார்கள்.

சேற்றுநண்டு

வலைமடி சொன்னது ஆழக்குழிக்குப் பொருந்தும். கம்பு நட்டு வீசுவதற்கு வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நல்ல வலையில் டேப் ஒட்டிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இரை போட்டு வீசும் இடம் நாலடியிலிருந்து எட்டடி ஆழம். அந்த ஆழத்தில் டேப் ஒட்டிய வலை மெதுவாக இறங்கும். இறாலுக்குப் பின்பக்கமாகத் தெறிக்க ஒரு நொடி போதும். ஐந்தடித் தண்ணீரில் வேண்டியது வேகம். வேகத்தைத் தருவது ஈயம். வலையின் ஆரம் ஒவ்வோர் அடிக்கும் ஒன்றரைப் பவுண்டு ஈயம் இருக்கட்டும். ஆறடி வலைக்கு ஒன்பது பவுண்டு. மலிவு வலைகளில் அடிக்கு ஒரு பவுண்டு அல்லது அதற்கும் கீழேதான் இருக்கும். அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

கண்ணி அளவு அதைவிட முக்கியம். சட்டப்படி அரை அங்குலச் சதுரக் கண்ணிக்குக் குறையக் கூடாது. இழுத்துப் பிடித்தால் ஓர் அங்குலம். தூண்டிலுக்கு இரைமீன் பிடிக்க வைத்திருக்கும் 3/8 அங்குல வலையைக் கொண்டுவந்தால் அபராதம். அது போக, பொடிக் கண்ணி வலை தண்ணீரில் மிதந்து மிதந்து இறங்கும். வலைமடி பார்த்த குடை மடக்கலுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

முதல் வலை ஆறடிக்கு மேல் வேண்டாம். எட்டடி வலை நனைந்தால் ஓர் இரவில் நூறு முறை தூக்க முடியாது, அறுபதாவது வீச்சில் தோள் விட்டுவிடும். பிறகு விழுவதெல்லாம் வாழைப்பழ வடிவம். புல்தரையில் ஒரு வாளி வைத்து, வாளி நடுவில் வரும்படி வீசிப் பழகுங்கள். விரிவதைவிட நடு எங்கே விழுகிறது என்பதுதான் காசு. ஈயக் கயிற்றைப் பல்லில் கடிக்காமல் தோளில் போட்டு வீசும் முறையைப் பழகினால் நல்லது. சேறும் சொறிமீன் சளியும் வாய்க்குப் போகாது.

இன்னொன்று. இரையைக் கம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடுவது என்பதற்கு வலைதான் அளவுகோல். ஆறடி வலை என்றால் நடுவிலிருந்து விளிம்பு ஆறடி. இரையை மூன்றடியில் போட்டுவிட்டு அதன் மேல் வீசினால் வலை கம்பில் தொங்கும், ஒரு பக்கம் திறந்தே இருக்கும். ஏழெட்டு அடி தள்ளி, எல்லாக் கம்புக்கும் ஒரே பக்கம். நான்கு கம்புக்குக் கரைப்பக்கமும் மீதிக்கு நடுப்பக்கமும் போட்டால் இருட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

நீவாடு

சேற்றுநண்டு, ஏழெட்டு அடி புதியவருக்குத் தூரம். இருட்டில், படகு ஆடும்போது, எட்டடியைக் கண்ணால் அளக்க முடியாது. நாலடியில் போட்டு, வலையின் கம்புப் பக்க விளிம்பு கம்பைத் தாண்டாமல் சற்றே வெளித்தள்ளி வீசினால் உருண்டை வலைக்குள்தான் இருக்கும். கம்புக்கு அருகே இருக்க இருக்கத் தவறு குறையும்.

சேற்றுநண்டு

உருண்டை வலைக்குள் இருக்கும், ஆனால் ஆறடி வலையின் நடுவிலிருந்து இரண்டடி கம்புப் பக்கமாக விலகியிருக்கும். கம்புப் பக்கம் நிற்கும் இறால் சில வலைக்கு வெளியே போய்விடும். கணக்கு அவ்வளவுதான். எட்டடியை அளக்க ஒரு மூங்கிலை எட்டடிக்கு வெட்டிப் படகில் வையுங்கள். இரை போடும்போது கம்பில் அதன் நுனியைத் தொட்டு, மறு நுனியில் போடுங்கள்.

பெருக்கு

வலையையும் உருண்டையையும் பற்றி எல்லாரும் எழுதிட்டினம். இது வேற. பியூஃபோர்ட் பக்கம், போர்ட் ராயல் குடாவுக்குள்ள இறங்கிற ஆறு. அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் ஏழெட்டு அடி வித்தியாசம், அதால ஓட்டம் சும்மா இருக்காது. வற்றின்ர நடுப்பகுதி. பதினாலடிப் படகொன்று, முன்னணியத்தில நின்று வீச வசதியா இருக்கட்டும் எண்டு நங்கூரத்தைப் பின்னணியத்தில, அதாவது படகின்ர பின்பக்கத்தில, கட்டியிருந்தினம். ஒருத்தர் முன்னால, மற்றவர் றாலைப் பொறுக்கப் பின்னால வந்தார். அந்தப் பாரம் போதும். மோட்டர் பூட்டின பலகைக்கு மேலால தண்ணி கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ள வந்தது. சத்தமே இல்லை. கயிற்றை வெட்டக் கத்தி கையில இருந்ததால படகு தப்பிச்சுது.

பின்னணியத்தில நங்கூரம் கட்டவே வேண்டாம். படகின்ர பின்பக்கம் தட்டை, அதோட மோட்டர் பாரம், அதுக்கு மேல ஓட்டம் இழுக்குது. வேற என்ன நடக்கும்? வரிசையை ஓட்டத்துக்கு எதிராய், கீழ்க்கம்பில இருந்து மேல்நோக்கிப் போங்கோ. மோட்டர் மெதுவா ஓட, கம்புக்குக் கிட்ட வந்ததும் நியூட்ரல். வலை தண்ணிக்குள்ள இருக்கும்வரை கியர் போடக் கூடாது. ஓட்டத்தோட சேர்ந்து வந்தால் படகு வலைக்கு மேல ஏறும், கயிறு விசிறியில சுத்தும். பிறகு அந்த இருட்டில மோட்டர் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். வெள்ளை விளக்கு எப்பவும் எரியட்டும். உயிர்காப்பு அங்கி மேலில இருக்கட்டும், இருக்கைக்குக் கீழ இல்லை.

வலைமடி

பெருக்கு சொன்னதோடு ஒன்று. வீச்சுக்குச் சிறந்த நேரம் ஓட்டம் தளர்ந்த நேரமே. வற்றம் முடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் ஏற்றம் திரும்பிய முதல் ஒரு மணி நேரமும். இறால் புல்லுக்குள்ளிருந்து ஓடைக்கு இறங்கியிருக்கும், தண்ணீரும் ஆழம் குறைந்திருக்கும். அந்த வேளை இருட்டிய பிறகு வருகிற நாளைப் பார்த்துப் போனால், வற்றத்தின் நடுவில் ஓட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே வராது.

தென்கரை

படகுத் துறையில் பார்த்தது, இன்னும் மனசு ஆறவில்லை. முக்கால் பெட்டி இறால். இளம் ஜோடி. டார்ச்சில் பார்த்தபோது பல இறாலின் கன்னப்பகுதி கறுப்பாக இருந்தது. கெட்டுவிட்டது, விஷம் என்று யாரோ சொல்ல, பெட்டியை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தார்கள். வெள்ளையாகச் சரிந்து போனது கண்ணிலேயே நிற்கிறது.

அது கறுஞ்செவுள். ஒரு நுண்ணுயிர் செவுளில் ஒட்டிக்கொள்ள, அதை எதிர்க்க இறாலின் உடம்பு கருமையை உண்டாக்குகிறது. தென் கரோலினா, ஜார்ஜியா கரைகளில் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் சாதாரணமாகக் காண்பது. சாப்பிடுகிறவருக்குக் கெடுதல் இல்லை. செவுள் தலையோடு போய்விடும். அந்த இறாலுக்கு மூச்சுத் திணறல் இருப்பதால் வாளியில் சீக்கிரம் சாகும். ஆகவே வாளியில் சேர்த்துவைக்காமல் வலையிலிருந்து நேராகப் பனிக்கு.

பனி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இறாலுக்கு ஒரு பெட்டி, பனிக்கு மட்டும் இன்னொரு பெட்டி. பனிக்கட்டியோடு கொஞ்சம் உப்புத் தண்ணீர் சேர்த்துக் கூழாக்கினால் நடுவில் இருப்பதும் குளிரும். வெறும் பனிமேல் கொட்டினால் மேலடுக்கு இரண்டு மணி நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்புகள் சதையைத் தின்னத் தொடங்கும். மறுநாள் வேகவைத்தால் களியாகப் போவதற்கு அதுதான் காரணம். அன்று இரவே தலையைக் கிள்ளிவிடுங்கள், ஆனால் கரைக்கு வந்த பிறகு. தலையோடு படகுக்கு ஒரு நாளைக்கு 48 குவார்ட் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) அனுமதி, தலை எடுத்தால் 29 குவார்ட் மட்டும். உறையவைக்கும்போது டப்பாவில் இறால் மூழ்கும்வரை தண்ணீர் விட்டு வையுங்கள், நுனி காயாது.

கையில் ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். நெற்றி முள் குத்திய துளை வழியாக விப்ரியோ என்ற கடல்நீர் பாக்டீரியா உள்ளே போனால் கை வீங்கி மருத்துவமனைக்குப் போக நேரும். வலையில் கெளுத்தி சிக்கினால் குறடால் பிடித்து முள்ளை நறுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

ஓடைக்கரை

நீவாடு, களி கூடியிருக்கும் என்று நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் கிடந்தவை நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் முழுசாகவே இருந்தன.

கம்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பதினாலடி, ஓர் அங்குலத்துக்கு மேல் தடிக்காத பிவிசி குழாய். வெறும் பிவிசி சேற்றில் எளிதில் இறங்காது. அடியில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகித் திருகாணியால் பூட்டி, நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். இரண்டடிக்குக் குறையாமல் சேற்றில் இறங்க வேண்டும். இறக்கும்போது கரகரவென்று கேட்டால் கீழே சிப்பிப் படுகை. கம்பைப் பிடுங்கி வேறு இடம் பாருங்கள், முதல் வீச்சிலேயே வலை கிழியும். இடம் மாற்றுவதற்கு முன் எத்தனை வீச்சுவரை பொறுக்கலாம்? வரிசையை இரண்டு சுற்று முழுதாக முடித்தும் வீச்சுக்குப் பத்து தேறாவிட்டால் மாற்றலாம் என்று நினைக்கிறேன். பெருக்கு, பியூஃபோர்ட் பக்கம் உங்கள் கணக்கு என்ன?