நியூட்ரல் கிரே: ஒர்க்‌ஷாப் சுவருக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மார்த்தாண்டத்திலிருந்து, திங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். டிங்கரிங், பெயிண்டிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக முடிந்தது, ஒரே ஒரு வரியில் நிற்கிறேன். காரின் பழைய பெயிண்ட்டுக்கு ஏற்ற நிறம் கலந்து பார்க்கிற இடத்தில் சுவருக்கு நியூட்ரல் கிரே அடிக்க வேண்டும் என்பது அந்த வரி. ஏன் என்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது. சுவர் மஞ்சளாக இருந்தால் அந்த மஞ்சள் வெளிச்சம் பேனல் மேல் விழும், நாம் பார்ப்பது காரின் நிறமாக இருக்காது.

நான் முதலில் "நடுநிலைச் சாம்பல்" என்று எழுதினேன். வகுப்பில் வாசித்தபோது ஒரு பையன், "ரொம்ப வெளுப்பும் இல்லாம, ரொம்ப கறுப்பும் இல்லாம நடுவுல உள்ளதா டீச்சர்?" என்று கேட்டான். மற்றவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது தப்பு. வெளிர் கிரேயும் நியூட்ரலாக இருக்கலாம், கார்மேகம் மாதிரி அடர் கிரேயும் நியூட்ரலாக இருக்கலாம். நீலம், பச்சை, ஊதா, பழுப்பு என்று எந்தப் பக்கமும் அது சாயக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண் கொடுத்தால் வருகிற நிறம். இதைப் பையனுக்கு ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது?

கராஜ் என்பதற்கு ஒர்க்‌ஷாப் என்றே போட்டுவிட்டேன், அதில் சண்டை வேண்டாம்.

அதங்கோட்டிலிருந்து, திங்கள் இரவு

டீச்சருக்கு வணக்கம். நீங்கள் கேட்டது அடைமொழி. தலைச்சொல்லைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

தமிழில் பழைய நிறச் சொற்கள் பலவும் வினையோடு ஒட்டியவை. கறுத்தல், சிவத்தல், வெளுத்தல், பசத்தல். "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்று சொல்லிவிட்டு, அவை நிறத்தை உணர்த்தவும் உரியவை என்று தொல்காப்பியர் அடுத்த நூற்பாவில் சேர்க்கிறார். அதாவது நிறம் என்பது ஒன்றின் மேல் வந்து ஏறுகிற மாற்றம். சாம்பலும் அப்படியே. சாம்புதல் என்றால் வாடுதல், ஒளி மழுங்குதல். எரிந்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டும் உரிய சொல் அல்ல, பழம்பூவுக்கும் சாம்பல் என்று பெயர் உண்டு. ஆகவே நிறம் வாடிப்போன நிறம் என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மலையாளத்தில் இதற்குச் சாரநிறம் என்பார்கள். நம் மேற்குப் பக்கத்தில் அது புரியும், ஆனால் நமக்குச் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது, இல்லாவிட்டால் கொத்தனார் கட்டுவது. எனவே சாம்பலே போதும்.

இனி அடைமொழி. எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதற்கு வள்ளுவர் சொல் தந்துவிட்டார்: "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி." ஒருபால் கோடாமை! டீச்சர் சொன்னது அட்சரம் பிசகாமல் இதுதான். ஆகவே கோடாச் சாம்பல். ஓடாக் குதிரை போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும்.

கோடுதல் என்றால் வளைதல். நேராக நிற்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். எங்கள் அதங்கோடு, விளவங்கோடு, திருவிதாங்கோடு எல்லாவற்றிலும் உள்ள கோடு மலையா, மேடா, வளைவா என்று பெரிய கேள்வி இருக்கிறது. நான் வளைவு என்பேன், ஏனென்றால் மேட்டின் விளிம்பு வளைந்துதான் இருக்கும், யானையின் கொம்புக்கும் சங்குக்கும் கோடு என்று பெயர் வந்ததும் அதனால்தான். தொல்காப்பியம் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்னிலையில். அந்த ஆசான் இந்த ஊர்க்காரர் என்பது எங்கள் வழக்கு. அந்த ஊரிலிருந்து ஒரு கோடாச் சொல் போகட்டுமே.

தக்கலையிலிருந்து, செவ்வாய்

சார் எழுதினதை இரண்டு தடவை வாசித்தேன், நல்ல விஷயம். ஆனால் கையேட்டில் கோடாச் சாம்பல் என்று போட்டால் என் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற பையன்கள் கோடு போடாத சாம்பல் என்றுதான் நினைப்பார்கள். டேப் ஒட்டி பேனலில் இழுக்கிற வரி எங்களுக்குக் கோடு. ஒரு தடவை பெயிண்ட் அடிப்பது ஒரு கோட்டு. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கோடா வந்தால் குழப்பம்தான்.

நாங்கள் இதை எப்படிச் சொல்வோம் என்றால், "இந்தக் கிரேயில நீலம் அடிக்குது", "பச்சை அடிக்குது" என்போம். கருவாட்டு வாடை அடிக்குது என்கிற மாதிரிதான். சரியான கிரே வந்துவிட்டால் "எதுவும் அடிக்கல்ல" என்போம். அதனால் நிறம் அடிக்காத சாம்பல் என்று போடுங்கள், ஒருத்தருக்கும் விளக்கம் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும் டீச்சர். வெள்ளையில் கறுப்பு ஸ்டெயினர் விட்டால் கிரே வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். விளக்குக்கரி வகைக் கறுப்பை வெள்ளையில் கலந்தால் நீலம் அடிக்கும். அதைக் கொல்ல மஞ்சள் ஆக்சைடு விட்டால், கொஞ்சம் கூடினதும் பச்சை அடிக்கும். அப்புறம் ரெட் ஆக்சைடு ஒரு பொட்டு. பொட்டு என்றால் தீக்குச்சி முனையில் தொட்டு வைக்கிற அளவு. கிரேயைத் தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது, நல்ல வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

குலசேகரத்திலிருந்து, செவ்வாய்

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது வழக்கு, சரிதான். ஆனால் நாம் கலைச்சொல் தேடுகிறோம். "அடிக்காத" என்று ஒரு சொல்லைப் பெயிண்ட் கையேட்டில் வைத்தால், பெயிண்ட் அடிக்காத சுவர் என்றும் பொருள் வந்துவிடுமே? பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், அச்சில் அப்படி இல்லை.

என் முன்மொழிவு நொதுமல் சாம்பல். பகை, நொதுமல், நட்பு என்று மூன்றாகப் பிரிப்பார் பரிமேலழகர், பகையும் இல்லை நட்பும் இல்லை என்பது நொதுமல். ஈழத்து அறிவியல் எழுத்தில் இது இன்றும் உயிரோடு இருக்கிறது. நாம்தான் விட்டுவிட்டோம். புரியாது என்று சொல்லிச் சொல்லியே எத்தனை சொல்லை இழந்தோம்? எழுபது வருடம் முன்பு "பேருந்து" என்றால் யாருக்குப் புரிந்திருக்கும்? சொல்லைப் புழங்கினால்தான் புரியும், புரிந்த பிறகு புழங்கலாம் என்று காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

நொதுமல் கடினம் என்றால் சாயாச் சாம்பல் என்றாவது வையுங்கள். டீச்சரே "எந்தப் பக்கமும் சாயக் கூடாது" என்றுதான் எழுதியிருக்கிறார்.

மார்த்தாண்டத்திலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி, சாயாச் சாம்பல் எனக்கும் முதலில் பிடித்தது, ஏனென்றால் சாயல், சாயம், சாய்வு எல்லாம் அதில் கேட்கிறது. ஆனால் நம் ஊரில் சாயா என்றால் குடிக்கிற சாயா. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சாயாக் கடையைத் தாண்டித்தான் வருகிறார்கள். சாயா நிறம் அடிக்கிற சாம்பல் என்று படித்துவிட்டால் பழுப்புப் பக்கம் போய்விடுவார்கள், சொல்ல வந்ததற்கு நேர் எதிர். வேறு மாவட்டம் என்றால் இதையே எடுத்திருப்பேன்.

மணவாளக்குறிச்சியிலிருந்து, புதன்

நடுவில் நுழைகிறேன், வேதியியல் படித்தவள் என்ற உரிமையில்.

எல்லோரும் கறுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், வெள்ளையை மறந்துவிட்டீர்கள். எந்தக் கம்பெனியின் வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் திறந்தாலும் உள்ளே இருக்கிற வெண்மைக்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் காரணம். அதன் மூலம் இல்மனைட், எங்கள் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிற அதே மணல். இரும்பைப் பிரித்து எடுத்தால் அந்தக் கறுப்பு மணலுக்குள்ளிருந்து இப்படியொரு வெள்ளை வருகிறது. சின்ன வயதிலிருந்து அந்த மணலில் நடந்த எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான்.

இன்னொன்று, நம் கண்ணே நடுநிலையில் இல்லை. நம் வீடுகளில் சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி அடிக்கும்போது கொஞ்சம் நீலம் கலப்பார்கள், துணிக்குப் போடுகிற அதே நீலம். அப்போதுதான் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரியும். அப்படிப் பழகிய கண்ணுக்கு நீலம் அடிக்கிற கிரேதான் சுத்தமாகத் தெரிகிறது, உண்மையான நியூட்ரல் கிரே அழுக்காகத் தெரிகிறது. கடையில் ஷேட் கார்டைப் பார்த்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் நீலத்தில் போய் விழுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். பக்கத்து நிறம் ஏமாற்றுவதும் பழைய கதை. பிரான்சில் திரைச்சீலை நெய்யும் ஆலையில் கறுப்பு நூல் சரியில்லை என்று புகார் வந்தபோது, நூலில் குறையில்லை, பக்கத்தில் வைத்த நிறம்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் செவ்ரோல் என்ற வேதியியலாளர். 1839-ல் அதைப் புத்தகமாகவே எழுதினார்.

சொல்லைப் பற்றி: எனக்கு நடுநிலையில் குறை தெரியவில்லை. பள்ளியில் நடுநிலைக் கரைசல், நடுநிலையாக்கல் எல்லாம் படித்துத்தானே வந்தோம். லிட்மஸ் தாள் சிவப்பாகவும் மாறாது, நீலமாகவும் மாறாது. அதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

நாகர்கோவிலிலிருந்து, புதன்

ஸ்டுடியோக்காரன் பார்வையில் ஒரு எச்சரிக்கை. எங்களிடம் வெளிச்சம் அளக்க 18 சதவீத கிரே கார்டு உண்டு. விழுகிற ஒளியில் 18 சதவீதம்தான் அது திருப்பும், ஆனால் கண்ணுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரி நடுவாகத் தெரியும். நடுநிலைச் சாம்பல் என்று போட்டால் யாராவது அந்த அட்டை நிறத்தைச் சுவர் முழுக்க அடித்துவிடுவார்கள், ஒர்க்‌ஷாப் குகை மாதிரி ஆகிவிடும். மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் வகுத்த அளவில் கறுப்பு 0, வெள்ளை 10. 5 என்றால் ஏறத்தாழ 20 சதவீத ஒளிதான் திரும்பும், 8 என்றால் பாதிக்கு மேல் திரும்பும். வேலை செய்கிற இடத்துக்கு 8 பக்கம்தான் நல்லது. ஆனால் 5-ம் நியூட்ரல், 8-ம் நியூட்ரல். அந்தப் பையன் கேட்ட கேள்வி சும்மா இல்லை.

நிறமிலிச் சாம்பல் என்று வைக்கலாமா?

தக்கலையிலிருந்து, புதன் இரவு

நிறமில்லாதது என்றால் எங்களுக்குக் கிளியர் கோட்டு தம்பி. கடைசியில் பளபளப்புக்கு அடிப்பது. அது வேறு வேலை.

அதங்கோட்டிலிருந்து, வியாழன்

நிறமிலி ஆகாது. சாம்பல் நிறம் என்று நாமே சொல்லிவிட்டு நிறமில்லாத சாம்பல் நிறம் என்பது முன்னுக்குப் பின் முரண். நொதுமல் அருமையான சொல், ஆனால் அகத்தில் நொதுமலர் என்றால் அயலார், பெண் கேட்டு வருகிற வேற்று வீட்டார். நொதுமலர் வரைவு என்று ஒரு துறையே உண்டு. தம்பி சொல்கிற பொருளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுவருக்கு அயலார் வாசம் எதற்கு?

கோடு என்றால் வரி என்று மட்டும் பிள்ளைகளுக்குத் தெரிகிறது என்றால், வளைவு என்ற பொருளையும் சொல்லிக்கொடுக்க அது ஒரு வாய்ப்பு. பெயிண்ட் பாடத்தில் ஒரு குறள் வந்தால் பாடம் கெட்டுப்போகாது.

மார்த்தாண்டத்திலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை ஃபைலை அனுப்ப வேண்டும், முடிவுக்கு வருகிறேன்.

ஐயா, நீங்கள் காட்டிய குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். நடுவு நிலைமை. ஒருபால் கோடாமையைத்தான் வள்ளுவர் நடுவு நிலைமை என்கிறார், வெள்ளைக்கும் கறுப்புக்கும் பாதி வழி என்று சொல்லவில்லை. அப்படியென்றால் நடுநிலை என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் நடு என்பதை மட்டும் கேட்கிறோம். அதனால் தலைச்சொல் "நடுநிலைச் சாம்பல்". முதல் தடவை வரும் இடத்தில் அண்ணாச்சி சொன்னபடி, "நீலம், பச்சை என எந்த நிறமும் அடிக்காத சாம்பல், வெளிராகவும் இருக்கலாம், அடர்ந்தும் இருக்கலாம்" என்று எழுதுகிறேன். மணவாளக்குறிச்சி அக்காவும் தக்கலை அண்ணாச்சியும் சரி என்றுவிட்டார்கள், நாகர்கோவிலில் அரை மனம். குலசேகரம் தம்பி அடுத்த பதிப்பில் நொதுமல் என்கிறார்.

தக்கலையிலிருந்து, வெள்ளி காலை

டீச்சர், அனுப்புவதற்கு முன் ஒரு வரி சேர்க்க முடியுமா? டப்பாவைப் பார்த்துச் சுவர் முழுக்க அடிக்கக் கூடாது. இரண்டடிக்கு இரண்டடி அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு காலையிலும் உச்சியிலும் டியூப்லைட்டிலும் பார்க்க வேண்டும். மேட் ஃபினிஷ்தான் எடுக்க வேண்டும், பளபளப்பு இருந்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். எங்கள் பக்கம் ஷட்டரைத் திறந்தால் எதிரே ரப்பர் தோட்டம், தரை செம்மண். சரியான கிரே அடித்த சுவரே காலையில் பச்சையாகவும் சாயங்காலம் சிவப்பாகவும் நிற்கும். பெயிண்டைக் குறை சொல்லாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதங்கோட்டிலிருந்து, வெள்ளி

அதிகாரத் தலைப்பு நடுவு நிலைமை என்பது எனக்குத் தெரியாததல்ல டீச்சர். ஆனால் அந்தத் தலைப்புக்குப் பொருள் சொல்ல உள்ளே கோடாமை தேவைப்பட்டது. உங்கள் கையேட்டில் தலைப்பு மட்டும் இருக்கிறது. அந்தப் பையன் நாளைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்பான். என் வாக்கு கோடாச் சாம்பலுக்கே, பதிவில் இருக்கட்டும்.