சூயாக் காற்றும் நான் தைத்த கொடியும்

குழு: அம்மாச்சி வீட்டுப் பிள்ளைகள்
மார்ச் 9

நான், காலை 6:52
(படம்)
மூன்று நாளில் மூன்றாவது தடவை. கொடி கம்பியைச் சுற்றிக்கொண்டு, பிழிந்து போட்ட துண்டு மாதிரி தொங்குகிறது. நேற்றுக் கம்பியே சாய்ந்து ரோஜாச் செடி மேல் விழுந்தது. 12ஆம் தேதி மொரீஷியஸ் சுதந்திர தினத்துக்காக நானே உட்கார்ந்து தைத்த நம் நாட்டுக் கொடி. யாராவது வழி சொல்லுங்கள்.

ரோஸ் ஹில் சித்தி, 6:58
முதலில் பச்சை ஏன் மேலே இருக்கிறது? சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. கம்பி நுழைக்கிற மடிப்பைத் தப்பான பக்கம் தைத்திருக்கிறாய்.

நான், 6:59
ஐயோ! எதிர்வீட்டுக்காரர் சிரித்தது இதற்குத்தானா?

கியூர்பிப் அண்ணன், 7:03
😂😂😂

அம்மா, 7:04
பிரித்துத் தைத்துவிடு. நாள் இருக்கிறது.

நான், 7:10
காற்றுக்கு என்ன செய்வது? இங்கே சூயாக்கில் கிரிகிரிக் கடற்கரைப் பக்கம் பவளத்திட்டு கிடையாது, அதனால்தான் இவ்வளவு அடிக்கிறது.

கியூர்பிப் அண்ணன், 7:12
பவளத்திட்டு அலையைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. உன் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணி மேல் விழுகிற அழுத்தம் நான்கு மடங்கு. 20 கிலோமீட்டரில் அழகாக ஆடுகிற கொடி 40இல் கம்பியைப் பிடுங்கும்.

மாயேபூர் மாமா, 7:20
கணக்கு இருக்கட்டும் மாப்பிள்ளை. அம்மாடி, கம்பி மண்ணுக்குள் எவ்வளவு போயிருக்கிறது?

நான், 7:22
நான்கு விரல், மாமா. அதற்குக் கீழே கல்.

மாயேபூர் மாமா, 7:26
கருங்கல் பூமி, அப்படித்தான் இருக்கும். கல் இல்லாத இடமாகத் தேடி, ஒரு முழ முறுக்குக் கம்பியைப் பாதிக்கு மேல் உள்ளே போகிற மாதிரி சுத்தியலால் அடி. கொடிக்கம்பியை அதோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் இரண்டு இடத்தில் இறுக்கு. இடமே கிடைக்காவிட்டால் பழைய பெயிண்ட் வாளியில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் ஊற்று. காய்ந்த பிறகு கம்பியைக் குழாயில் செருகினால் போதும். வேண்டாதபோது உருவிக்கொள்ளலாம்.

ரோஸ் ஹில் சித்தி, 7:31
அண்ணா சொல்வது கம்பிக்குச் சரி. துணி நழுவுவதற்கு நான் சொல்கிறேன். பழைய ரப்பர் செருப்பு இருக்கிறதா? ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு இரண்டு வில்லை வெட்டி, நடுவில் ஆணியால் சின்ன ஓட்டை போடு. ஓட்டை கம்பியைவிடச் சிறியதாக இருக்கவேண்டும், அப்போதுதான் பிடிக்கும். கொடி தொங்குகிற மேல் குறுக்குக் கம்பியில் கொடிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. என் கொடி இரண்டு வருடமாக அப்படித்தான் நிற்கிறது.

நான், 7:33
சித்தி, செருப்பு இவருடையது 🙈

ரோஸ் ஹில் சித்தி, 7:33
அவருக்குப் புதுசு வாங்கிக் கொடு.

நான், 7:36
கீழ் முனை இரண்டையும் கம்பியோடு இழுத்துக் கட்டிவிடட்டுமா? சுருளாதே.

மாயேபூர் மாமா, 7:41
கட்டாதே. இழுத்துக் கட்டினால் துணி படகுப் பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும், தையல்தான் முதலில் போகும். கம்பிப் பக்கத்து முனையை மட்டும் ஒரு தளர்வான வளையத்தில் மாட்டு. வளையத்தைத் துணியோடு சேர்க்க, என் மீன்பிடிப் பெட்டியில் இருக்கிறதிலேயே மெல்லிய தூண்டில் நரம்பு தருகிறேன். பெருங்காற்று வந்தால் அது அறுந்துபோகட்டும், கொடி பிழைக்கும். எது முதலில் அறுந்தால் நஷ்டம் குறைவு என்று பார்த்துக் கட்டவேண்டும்.

கியூர்பிப் அண்ணன், 7:43
வீட்டு ஃபியூஸ் மாதிரி. மாமா, ஒத்துக்கொள்கிறேன்.

மாயேபூர் மாமா, 7:44
அடுத்த முனையில் ஈயக் குண்டு தொங்கவிடலாம் என்று நினைத்தேன். வேண்டாம், ஜன்னல் கண்ணாடி பக்கத்தில் இருக்கிறது.

ரோஸ் ஹில் சித்தி, 7:46
குண்டுக்குப் பதில் கீழ் மடிப்புக்குள் மெல்லிய சங்கிலி வைத்துத் தை. திரைச்சீலைக்கு வைப்பார்களே, அது.

அம்மா, 7:50
கோயிலில் இந்தத் தொல்லையே இல்லை. காவடிக்குக் கொடியேற்றினால் மரத்தோடு சுற்றிக் கட்டிவிடுகிறார்கள், எந்தக் காற்றும் ஒன்றும் செய்வதில்லை.

அம்மாச்சி, 8:15
(குரல் செய்தி. சித்தி எழுதிப் போட்டது:)
"கண்ணு, எல்லாம் செய். ஆனால் ரேடியோவில் புயல் எச்சரிக்கை, சிக்லோன் முதல் கிளாஸ் என்று சொன்னதுமே கொடியை மட்டும் இல்லை, கம்பியையும் பிடுங்கி உள்ளே வை. நாலாம் கிளாஸ் வரைக்கும் காத்திருக்காதே, அது 120 கிலோமீட்டர் காற்று. 1960இல் கரோல் புயல் வந்தபோது நான் பத்து வயசுப் பிள்ளை. எங்கள் கூரைத் தகரம் கரும்புக் காட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. தகரமே பறக்கிறது என்றால் உன் கம்பி ஈட்டி மாதிரி போகும்."

நான், 8:20
சரி அம்மாச்சி. அதுதான் முதல் வேலை.

மார்ச் 10

நான், மாலை 5:37
(படம்)
செருப்பு வில்லை, முறுக்குக் கம்பி, மாமாவின் நரம்பு எல்லாம் போட்டாயிற்று. சிவப்பு மேலே. மத்தியானத்திலிருந்து காற்று அடிக்கிறது, ஒரு தடவைகூடச் சுருளவில்லை.

ரோஸ் ஹில் சித்தி, 5:39
தையல் நேராக வந்திருக்கிறது 👏 பின்னால் முருங்கை மரத்தில் என்ன தொங்குகிறது?

நான், 5:40
எதிர்வீட்டுக்காரர் கொடி. கூப்பிட்டுக் கொடுக்கப் போகிறேன். செருப்பில் இன்னும் இரண்டு வில்லைக்கு இடம் இருக்கிறது.